அம்புக்குறியை நம்பிச் சுற்றாதீர்கள்

யாரோ ஒளித்துவைத்த பெட்டியை ஜிபிஎஸ் துணையோடு தேடிப் பிடிக்கும் விளையாட்டு ஜியோகேச்சிங். போனில் ஜிபிஎஸ் அம்புக்குறி காட்டும் புள்ளியிலேயே பெட்டி இருக்கும் என்று தோன்றலாம். அப்படி அமைவது அபூர்வம். திறந்த வெளியிலேயே செல்போன் 3 முதல் 5 மீட்டர் பிசகும். அடர்ந்த மரத்தடியில் 10 மீட்டர்கூடப் போகும். பெட்டியை வைத்தவர் குறித்த புள்ளியிலும் இதே பிசகு உண்டு. ஆக, 10 மீட்டர் நெருங்கியதும் போனைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணால் தேடுங்கள்: வேர் இடுக்கு, காரணமில்லாமல் அடுக்கிய கற்கள். கையை விடுமுன் குச்சியால் தட்டிப் பாருங்கள். தோண்டவே வேண்டாம், நில உரிமையாளர் அனுமதியில்லாமல் குழி தோண்டிப் புதைப்பது விதிப்படி கூடாது.

குழந்தைகளோடு போனால் தேடும் கடினம், நிலப்பரப்பு இரண்டுக்கும் தரப்படும் மதிப்பெண் 5-க்கு 1.5-ஐத் தாண்டாத, 'ரெகுலர்' எனப்படும் நடுத்தர அளவுப் பெட்டி நல்லது. 'மைக்ரோ' ஃபிலிம் டப்பா அளவுதான். கண்டுபிடித்தவர்கள் கையெழுத்திடும் தாளைத் தவிர உள்ளே பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, பிள்ளைகள் முகம் வாடிவிடும். கையெழுத்திடப் பேனா கொண்டுபோங்கள். பெட்டியை மூடும்போது விளிம்பில், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பையின் நுனி சிக்கினால், அந்த இடுக்கில்தான் தண்ணீர் இறங்கிக் கையெழுத்து நோட்டு கூழாகும்.