ஐஎஸ் பெண்கள் எல்லோரும் காதலில் ஏமாந்தவர்களா?

"சிரியாவுக்குப் போய் ஐஎஸ் (இஸ்லாமிக் ஸ்டேட்) பயங்கரவாத அமைப்பில் சேர்ந்த பெண்கள் படிப்பறிவில்லாதவர்கள், இணையக் காதலில் ஏமாந்தவர்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு.

அமெரிக்காவின் கான்சஸைச் சேர்ந்த அலிசன் ஃப்ளூக்-எக்ரெனைப் பாருங்கள். பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்தவர், ஆசிரியராக இருந்தவர். ஐஎஸ்ஸின் பிடியில் இருந்த சிரிய நகரமான ரக்காவில் பெண்களுக்கென்றே ஒரு படைப்பிரிவை நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் ஏகே-47 துப்பாக்கி, கையெறி குண்டு, தற்கொலைத் தாக்குதலுக்கான வெடிகுண்டு அங்கி எல்லாவற்றிலும் பயிற்சி கொடுத்தார். 2022-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 20 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். இவரை அப்பாவி என்றால் யார் நம்புவது?

சரி, ஏமாற்றப்பட்டவர்களே இல்லையா? உண்டு. 2015 பிப்ரவரியில் கிழக்கு லண்டனிலிருந்து மூன்று பள்ளி மாணவிகள் கிளம்பினார்கள்; இருவருக்கு வயது 15. அவர்களில் ஒருவரான ஷமீமா பேகம் பாலியல் சுரண்டலுக்காகக் கடத்தப்பட்டார் என்ற சந்தேகத்துக்கு முகாந்திரம் இருப்பதாக 2023-இல் பிரிட்டிஷ் தீர்ப்பாயமே சொன்னது. (அப்படிச் சொல்லிவிட்டும், பிரிட்டிஷ் அரசு பறித்த அவருடைய குடியுரிமையைத் திருப்பித் தரவில்லை, அது தனிக்கதை.)

மற்றவர்கள் ஏன் போனார்கள்? சிரியப் போரில் மக்கள் சாவதைப் பார்த்த கோபம் சிலருக்கு. சொந்த நாட்டில் முக்காட்டுக்காகப் பட்ட அவமானம் சிலருக்கு. 2014-இல் ஐஎஸ் அறிவித்த 'கிலாபத்' (கலீஃபா ஆளும் இஸ்லாமிய ஆட்சி) தங்களுக்கான நாடு என்ற நம்பிக்கை பலருக்கு. கணவர் கிளம்பியதால் குழந்தைகளோடு போனவர்களும் உண்டு. உள்ளூர்ச் சிரியப் பெண்கள் சிலர் ஐஎஸ்ஸின் பெண்கள் காவல் பிரிவில் சேர்ந்ததற்குச் சம்பளமும் பாதுகாப்புமே காரணம். கல்யாண ஆசையும் இந்தப் பட்டியலில் உண்டுதான், ஆனால் பல காரணங்களில் அதுவும் ஒன்று.