தங்கத்தால் ஒட்டுப்போட்ட சிப்பி வளையல்

வர்ணா என்ற ஊரின் பழங்கால இடுகாட்டுப் புகைப்படம் இணையத்தில் மறுபடி சுற்றுகிறது. பல்கேரியாவில் கருங்கடல் கரையில், 1972-இல் மின்கம்பி பதிக்கப் பள்ளம் தோண்டிய இளைஞர் ஒருவர் கண்ணில் பட்டது அது. பிறகு ஆய்வாளர்கள் இறங்கித் தோண்டியதில் முந்நூறு புதைகுழிகள் வரை, மொத்தம் 6 கிலோ அளவுக்குத் தங்கம். காலம் கி.மு. 4600-க்கும் 4300-க்கும் இடையில், அதாவது எகிப்துக்காரர்கள் பிரமிடு கட்டுவதற்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் முன்னால்.

எல்லோரும் பகிர்வது 43-ஆம் குழியைத்தான். நாற்பதைத் தாண்டிய ஓர் ஆண், உடம்பெல்லாம் நகை, ஒன்றரைக் கிலோ. (பவுனில் 187-க்கு மேல் வருகிறது. நான் கணக்குப் போட்டேன், நீங்களும் போட்டிருப்பீர்கள்!) கோடரிப் பிடிக்குத் தங்க உறை, ஆண்குறிக்குக்கூடத் தங்க உறை. உடனே 'உலகின் முதல் ராஜா', 'முதல் கோடீஸ்வரன்' என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். எனக்கு இடிப்பது அங்கேதான்.

அதே குழியில் ஒரு சிப்பி வளையல் இருக்கிறது. ஸ்பொண்டிலஸ் என்ற சிப்பி, கருங்கடலில் கிடைக்காது, தெற்கே ஏஜியன் கடல் பக்கமிருந்து கைமாறிக் கைமாறி வந்தாக வேண்டும். அந்த வளையல் உடைந்திருக்கிறது, உடைந்ததைத் தூக்கிப் போடாமல் தங்கத் தகடு சுற்றி ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். சிப்பியைக் காப்பாற்றத் தங்கம்! நம் வீட்டில் யாராவது பிளாஸ்டிக் வளையலுக்குத் தங்கத்தில் ஒட்டுப்போடுவார்களா? அவர்களுக்கு எது விலை உயர்ந்தது என்பதை அடகுக்கடைத் தராசை வைத்து நாம் முடிவு செய்கிறோம்.

அந்தஸ்தே இல்லை என்று சொல்லவரவில்லை. தங்கத்தில் பெரும்பகுதி நாலைந்து குழிகளில்தான் இருந்தது, பலருக்கு ஒரு மணிகூட இல்லை. ஆனால் அந்த நாலைந்தில் சிலவற்றில் ஆளே இல்லை, வெறும் பொருள் மட்டும். 36-ஆம் குழியில் எண்ணூற்றுக்கும் மேல் தங்க உருப்படிகள், ஓர் எலும்புகூடக் கிடையாது. வேறு சில குழிகளில் களிமண்ணால் முகம் செய்து, கண்ணுக்கும் வாய்க்கும் தங்கம் பதித்துப் புதைத்திருக்கிறார்கள். இதில் யார் கோடீஸ்வரன், அந்தக் களிமண்ணா? பிள்ளைக்கு விட்டுப்போகிற சொத்தாக நினைத்திருந்தால் இப்படி மண்ணில் கொட்டுவார்களா? ஊர் பார்க்கப் புதைத்த சடங்குதான் பெருமையே என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, அடுத்த தடவை அந்தப் படம் வந்தால் கைப்பக்கம் பெரிதாக்கிப் பாருங்கள், வளையல் தெரியும்.