பிக் பாயின் சட்டகம்: பின்பகுதி திரும்பாது

அமெரிக்க ரயில் நிறுவனமான யூனியன் பசிபிக்கின் 'பிக் பாய்' நீராவி எஞ்சினில் முன், பின் இரண்டு சக்கரத் தொகுதிகளும் கொதிகலனுக்கு அடியில் தனித்தனியாகத் திரும்பும் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார், பலரும் அதைப் பகிர்ந்திருக்கிறார்கள். இதில் பாதிதான் சரி. திரும்புவது முன்பகுதி மட்டுமே.

பின்சக்கரங்களைத் தாங்கும் பின்பக்கச் சட்டகம் கொதிகலனோடு பக்கவாட்டில் அசையாதபடி இணைக்கப்பட்டது. அந்தச் சட்டகத்தின் முன்முனையில் ஒரு கீல். அதில்தான் முன்பக்கச் சட்டகம் கோர்க்கப்பட்டிருக்கிறது. முன்புறத்தில் கொதிகலன் இந்த முன்பக்கச் சட்டகத்தின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். வளைவில் தாங்கியின் மேல் பக்கவாட்டில் வழுக்கும். இரண்டு சட்டகங்களும் சிலிண்டர்களோடு சேர்த்தே வார்க்கப்பட்ட பெரிய எஃகு வார்ப்புகள். 1941-லும் 1944-லும் ஆல்கோ (ALCO) என்ற அமெரிக்க எஞ்சின் நிறுவனம் கட்டிய 25 பிக் பாய் எஞ்சின்களுக்கும் இதே அமைப்புதான். உண்மையிலேயே அருமையான வடிவமைப்பு, அதனால்தான் சரியாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

இரண்டு பக்கமும் திரும்புவது காரட் (Garratt) என்ற வேறு வகை நீராவி எஞ்சின். குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம். டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் ஒரு காரட் நிற்கிறது, பார்த்தால் வித்தியாசம் உடனே புரியும்.

சரிபார்ப்பது எளிது. 2019-இல் மீண்டும் ஓடத் தொடங்கிய 4014 எண் பிக் பாய் எஞ்சின் கூர்மையான வளைவில் வரும் காணொளி ஒன்றை முன்னாலிருந்து பாருங்கள். முன்சக்கரங்கள் தண்டவாளத்தோடு திரும்பும், கொதிகலனின் மூக்கு மட்டும் வளைவின் வெளிப்பக்கம் தள்ளி நிற்கும். பின்பகுதியில் அப்படி ஒரு விலகலே தெரியாது.