கைதட்டியவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் காணொளியை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். யார் பேசினார், எந்த அரங்கு என்று நான் மறுபடி எழுதப் போவதில்லை. தெற்கத்தி மக்களுக்கு உழைப்பில் நாட்டமில்லை, திருவிழா இருந்தால் போதும், அதனால்தான் மதுரைப் பக்கம் தொழில் வளரவில்லை என்று அவர் சொன்னதைவிட, அதற்கு நம் ஊர்க்காரர்களே கைதட்டியதுதான் மூன்று நாள்களாக என் நெஞ்சை உறுத்துகிறது.

என் தம்பி பதினொரு ஆண்டுகளாகத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். பெரும்பாலான நாள்களில் ஒன்றரை ஷிப்டு பார்க்கிறான். மேலூருக்குக் கிழக்கே எங்கள் கண்மாய்க்கரையில் வேலையின்றி உட்கார்ந்திருந்தவனும் அவன்தான். பேருந்தில் ஒரு பகல் பயணம் செய்ததால் ஒருவனுடைய இரத்தம் மாறிவிடுமா? அவன் ஊருக்குத் திரும்பி இரண்டு ஓவர்லாக் இயந்திரம் போட்டுச் சிறிய தையல் கூடம் ஒன்று தொடங்க முயன்றதும் உண்டு. வங்கியில் ஈடு கேட்டார்கள். நிலமோ இறந்துபோன அப்பாவின் பெயரில் இருந்தது. பட்டா மாறுதலுக்கு மனுக் கொடுத்துவிட்டுப் பதினான்கு மாதங்கள் ஓர் அலுவலகத்துக்கு நடந்தோம். அளக்க வர வேண்டிய சர்வேயர் கடைசிவரை வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாரிடம் கேட்பது என்பதும் எங்களுக்குத் தெரியவில்லை. தம்பி மறுபடி திருப்பூருக்கே பஸ் ஏறினான். உழைப்பில் நாட்டமில்லாதவன் என்று கைதட்டியது இவனைப் பார்த்துத்தான்.

மக்கள் எங்கும் மக்கள்தான். கேட்டால் செய்து கொடுக்கத் திறனும், செய்யாவிட்டால் பதில் சொல்லும் கடமையும் உள்ள நிர்வாகம் எங்கே இருக்கிறதோ அங்கே அவர்களின் உழைப்பு செல்வமாகிறது. 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சத்தில் செத்துப்போனவர்கள் சோம்பேறிகளா? 1886இல் திருவிதாங்கூருடன் ஒப்பந்தம் ஆகி, 1895இல் பெரியாறு அணை முடிந்து, மலையைக் குடைந்து வந்த நீர் வைகையில் சேர்ந்த பிறகு கள்ளந்திரி வரை இருபோகமும் மேலூர்ப் பக்கம் ஒருபோகமும் விளைந்தது. எங்கள் பூட்டனார் அந்த ஆண்டில் திடீரென்று சுறுசுறுப்பாகிவிடவில்லை. மடையில் தண்ணீர் வந்தது, அவ்வளவுதான். அந்த வெள்ளைக்கார அரசைப் புகழ்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அது வரி வாங்கிய அரசு, மக்களுக்குப் பதில் சொல்லிய அரசு அல்ல. கண்மாய்களின் அதிகாரம் ஊரைவிட்டு அரசுத் துறைகளுக்குப் போனதும், ஊரார் கூடிக் கண்மாயைச் செப்பனிடும் குடிமராமத்து தேய்ந்ததும் அதன் காலத்தில்தான்.

கோயம்புத்தூர்க்காரர்கள் அரசை நம்பியா முன்னேறினார்கள் என்று கேட்பார்கள். அவர்களுடைய முயற்சியை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் 1932இல் சென்னை மாகாண அரசு நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் கொண்டுவந்த பிறகுதான் அங்கே ஆலைகள் வேகமாகப் பெருகின என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தேர்தல் இல்லாத சீனா வளரவில்லையா என்று ஒருவர் நேற்றே எழுதிவிட்டார். சீனாவைப் பற்றிப் பேச எனக்கு இப்போது மனமில்லை. ஒரே மொழி, ஒரே மக்கள், 1945இல் இரண்டாகப் பிரிந்த கொரியாவின் வடக்கையும் தெற்கையும் அவர் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். நாடுகளின் செல்வம் வேறுபடுவதில் ஆட்சி அமைப்புகளுக்கு உள்ள பங்கை ஆராய்ந்ததற்காகத்தான் டாரோன் அசெமோக்லு, சைமன் ஜான்சன், ஜேம்ஸ் ராபின்சன் மூவருக்கும் 2024இல் பொருளியல் நோபல் கிடைத்தது.

நம் ஊரில் அந்த அமைப்புகள் எப்படி இருந்தன? நூறு வார்டுகள் கொண்ட மதுரை மாநகராட்சியில் 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரியில் தேர்தல் நடக்கும் வரை ஒரு கவுன்சிலர்கூட இல்லை. சாக்கடை பொங்கினால் போய் நிற்க ஒரு வீட்டு வாசல் இல்லாமல் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இவ்வளவு பெரிய ஊர் தனி அலுவலரின் கையில் இருந்தது. எங்கள் மாவட்டத்து ஊராட்சிகளும் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து அதே நிலைக்குப் போயின. இதைப் பற்றி அந்த மேடையில் ஒரு சொல் உண்டா?

மேலவளவு எங்களுக்குத் தூரத்து ஊர் அல்ல. தலித்துகளுக்கான தனித்தொகுதி ஆக்கப்பட்ட அந்த ஊராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவருடன் இருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று கொல்லப்பட்டார்கள். அதே போலத் தனித்தொகுதியான பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் ஆதிக்கச் சாதியினரின் எதிர்ப்பால் 1996 முதல் பத்தாண்டுகள் முறையான தேர்தலே நடக்கவில்லை. "அதைச் செய்தது உங்கள் மக்கள்தானே?" என்று கேட்கலாம். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2006இல் நிர்வாகம் உறுதியாக நின்று, ஊர் ஊராகப் போய்ப் பேசியபோது அதே மக்கள்தான் வாக்களித்தார்கள். அந்தப் பத்தாண்டுகள் அரசு எங்கே இருந்தது என்று கேட்காமல் எங்கள் குணத்தைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றுகிறவர்களை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அந்தக் காணொளியை முதலில் எனக்கு அனுப்பியவன் தம்பிதான். கீழே ஒரே ஒரு வரி எழுதியிருந்தான்: "அண்ணே, நம்மளயா சொல்றாங்க?" இன்னும் அவனுக்குப் பதில் எழுதவில்லை. பேசியவர் வெளியூர்க்காரர் என்று சொல்லிவிடலாம். முன்வரிசையில் கைதட்டிய இருவர் எங்கள் தாலுகாக்காரர்கள். அவர்களை அவனுக்கும் தெரியும்.