கேசட்டை எம்பி3 ஆக்கினால் போதுமா?

"ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டர் கேசட்டில் இருப்பது வெறும் சத்தம்தான், போனில் எம்பி3யாகப் பதிந்துகொண்டு கேசட்டைத் தூக்கிப் போடலாம்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. முதல் பாதி சரி. மிச்சம் தவறு.

1982இல் சின்கிளேர் வெளியிட்ட இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கம்ப்யூட்டருக்கான விளையாட்டுகள் கேசட்டில் கீச்சொலியாகத்தான் பதிந்திருக்கும். கம்ப்யூட்டர் அந்தக் கீச்சொலியைக் கேட்பதில்லை, அளக்கிறது. ஒவ்வொரு பிட்டும் இரண்டு துடிப்பு. ஒரு துடிப்பு சுமார் 244 மைக்ரோவினாடி நீண்டால் அது 0. இருமடங்கு, அதாவது 489 என்றால் 1. எம்பி3யோ மனிதக் காதுக்காகச் செய்தது. காதுக்கு எட்டாது என்று தோன்றுவதையெல்லாம் கழித்துவிடும். துடிப்பின் விளிம்பும் அதோடு மழுங்கும். உயர்ந்த பிட்ரேட்டில், அதாவது குறைவாகச் சுருக்கினால், சாதாரண கேசட் லோடாகிவிடும், மறுக்கவில்லை. நகலெடுப்பதைத் தடுக்க ஸ்பீட்லாக் மாதிரி தனி லோடர் (விளையாட்டைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றும் நிரல்) போட்ட விளையாட்டுகளில்தான் வம்பு.

சுருக்காத வேவ் கோப்பாகப் பதியுங்கள். பிறகு அதை டிஇசட்எக்ஸ் (TZX) என்ற கேசட் நகல் கோப்பாக ஆக்குங்கள். அது ஒலியை அல்ல, துடிப்பின் நீளத்தையே குறித்து வைக்கும். கேசட்டில் தரவு தொகுதி தொகுதியாக இருக்கும்; வழக்கமான தொகுதியின் கடைசி பைட் சரிபார்ப்புக்கானது. அது பொருந்தவில்லையா? டேப் ரெக்கார்டரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்து, அதன் சாய்வைச் சரிசெய்யப் பக்கத்திலுள்ள குட்டி ஸ்க்ரூவை லேசாகத் திருப்பி மறுபடி ஓட்ட வேண்டும். அதற்குக் கேசட் கையில் இருக்க வேண்டுமே!