ஸ்டெல்லர் பிளேடு: விலை கேட்கும் முன் விளையாடக் கொடுத்தவர்கள்

ஆக்‌ஷன் கேம் ஒன்றுக்கு எத்தனை ட்ரெய்லர் வெளியிட்டாலும், நல்ல டெமோ (விளையாடிப் பார்க்கக் கொடுக்கும் மாதிரிப் பகுதி) ஒன்று கிளப்பிவிடும் ஆவலுக்கு அவை ஈடாகா என்பது என் கருத்து. 2024 ஏப்ரல் 26 அன்று பிளேஸ்டேஷன் 5 என்ற கன்சோலில் (டிவியோடு இணைத்து கேம் ஆடும் கருவி) வெளிவந்த ‘ஸ்டெல்லர் பிளேடு’ இதற்குத் தக்க சான்று. கேம் விற்பனைக்கு வர நான்கு வாரம் இருக்கும்போதே, மார்ச் 29 அன்று, அதன் டெமோவை இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடந்துகொண்டிருந்த நேரம் அது. சேலத்துப் பெற்றோர் எவரும் அதை வரவேற்றிருக்க மாட்டார்கள்.

அதற்கு முன்புவரை அந்த கேமின் மீது ஐயம்தான் மிகுந்திருந்தது. அதை உருவாக்கிய ஷிஃப்ட் அப் என்ற தென்கொரிய நிறுவனம் ‘நிக்கே’ போன்ற கைப்பேசி கேம்களால் அறியப்பட்டது. கன்சோலுக்கு இதுவே அதன் முதல் பெரிய முயற்சி. நாயகி ஈவின் தோற்றத்தைப் பற்றி உலகமெங்கும் வாதம் நடந்ததே தவிர, சண்டை எப்படி இருக்கும் என்று கேட்டவர்கள் குறைவு. ஐந்து ரோடு பக்கம் மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து விளையாடும் கேமிங் சென்டரிலும் அதே பேச்சுதான். டெமோ வந்தபின் அங்கே பேச்சு அடியோடு மாறியது. எந்த எதிரியின் எந்த வீச்சை பாரி செய்யலாம் (சரியான கணத்தில் தடுக்கலாம்), எதற்கு விலகி ஓட வேண்டும் என்று பையன்கள் ஒருவருக்கொருவர் பாடம் நடத்தத் தொடங்கினார்கள்.

ட்ரெய்லரால் செய்ய முடியாதது இதுதான். எதிரியின் வீச்சு நம்மீது விழும் அந்தக் கணத்தில் காப்புப் பொத்தானை அழுத்தினால், அடி தடுக்கப்படுவதோடு எதிரியின் நிலையும் சிறிது சிறிதாகக் குலைகிறது. முழுவதும் குலைந்ததும் ஒரு பெரிய அடி கொடுக்க வழி திறக்கிறது. இதைத் திரையில் பார்ப்பவருக்கு மின்னும் பொறி மட்டுமே தெரியும். பத்து முறை செத்து, பதினோராம் முறை சரியாகத் தடுத்தவரின் விரல்களுக்குத்தான் அதன் சுவை புரியும்.

டெமோவின் அளவையும் நன்றாகவே கணித்திருந்தார்கள். கதையின் தொடக்கத்தையும் முதல் கட்டத்தையும் முழுமையாகக் கொடுத்தார்கள். அதை முடித்தவருக்கு, கதையில் பின்னர் வரவிருக்கும் பாஸ் எனப்படும் பெரிய எதிரி ஒருவருடன் மோதிப் பார்க்கவும் வாய்ப்பளித்தார்கள். எல்லாவற்றிலும் முக்கியமாக, டெமோவில் ஆடியதன் சேவ், அதாவது எதுவரை ஆடினோம் என்ற பதிவு, முழு கேமிலும் செல்லுபடியாகும். சின்னக்கடை வீதியில் மல்கோவா விற்பவர், நாம் வாங்கப்போகும் பழத்திலிருந்தே ஒரு கீற்று அறுத்துச் சுவைக்கக் கொடுப்பதைப் போன்றது இது. ஐயாயிரம் ரூபாய் அளவில் விலையுள்ள ஒரு பொருளை வீட்டில் பேசிச் சம்மதம் வாங்கியே வாங்க வேண்டியவர்களுக்கு இந்த நேர்மை பெரிய விஷயம்.

இந்த வழி புதிதன்று. 1993இல் ‘டூம்’ தன் முதல் அத்தியாயத்தையே இலவசமாகப் பரப்பித்தான் பெயர் பெற்றது. 2023 ஜூனில் ‘ஃபைனல் ஃபேன்டசி 16’ வெளிவருவதற்குச் சில நாள் முன்பு வந்த டெமோவிலும் சேவ் தொடர்ந்தது. 2019இல் ‘ரெசிடென்ட் ஈவில் 2’ மறுஆக்கத்திற்கோ, ஒரே முறை, 30 நிமிடம் மட்டும் என்று கெடு வைத்து டெமோ கொடுத்தார்கள். பரபரப்புக்கு அது கெட்டிக்கார உத்திதான். ஆனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே விளையாடியவர் கேமை எவ்வளவு அறிந்திருப்பார் என்பது எனக்கு ஐயமே.

ஸ்டெல்லர் பிளேடின் டெமோவும் எல்லாவற்றையும் காட்டிவிடவில்லை. அதில் வந்தது நேர்வழியாகச் செல்லும் ஒரு பாழடைந்த நகரம். முழு கேமிலோ பரந்த பாலைவெளிகளும், அங்கே ஓடியாடிச் செய்ய வேண்டிய கிளைப்பணிகளும் இருந்தன. அந்தப் பணிகளில் பல எனக்கு அலுப்பூட்டின. ஆயினும் சண்டையைப் பொறுத்தவரை டெமோ சொன்னது ஒன்று, கேம் தந்தது வேறொன்று என்று ஆகவில்லை. 2025 ஜூனில் கணினிப் பதிப்பு வந்தபோதும் முன்கூட்டியே டெமோவை வெளியிட்டார்கள். கன்சோல் வாங்க வழியில்லாமல், தம் கணினி இதைத் தாங்குமா என்று குழம்பியிருந்தவர்களுக்கு அதற்கான விடை செலவில்லாமலே கிடைத்துவிட்டது.