பெலிக்கனை விட்டுவிட்டு மரப்படகு வரலாறு எழுதாதீர்கள்

நியூயார்க், நியூஜெர்சி பக்கம் ஆளுக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு, தூண்டில் போடக் கடலுக்குக் கூட்டிப்போகும் பார்ட்டி போட்கள் உண்டு. அவற்றில் பல பத்தாண்டுகள் ஓடிய மரப்படகுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் ஓக் மரத்தையும் பழைய தச்சர்களின் கைவேலையையும் புகழ்வார்கள். எனக்கும் அந்த வேலைப்பாடு பிடிக்கும். ஆனால் அதோடு கதையை முடித்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

1951 செப்டம்பர் 1, அமெரிக்கத் தொழிலாளர் தினமான லேபர் டே விடுமுறையை ஒட்டிய சனிக்கிழமை. மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கென்றே விட்ட ரயிலில் நியூயார்க்கில் இருந்து கூட்டம் லாங் ஐலண்டின் கிழக்கு முனையில் இருக்கும் மொன்டாக்கில் வந்து இறங்கியது. 42 அடி நீள ‘பெலிக்கன்’ படகில் மட்டும் 64 பேர். கடல் கொந்தளிக்க, ஒரு எஞ்சினும் நின்றுபோக, திரும்பி வரும் வழியில் படகு கவிழ்ந்தது. கலங்கரை விளக்கம் கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். கேப்டனோடு சேர்த்து 45 பேர் செத்துப்போனார்கள்.

இத்தனை பேரை ஏற்றியதைத் தடுக்க அன்றைக்குச் சட்டமே இல்லை. 15 டன்னுக்குக் குறைந்த பெட்ரோல் எஞ்சின் படகுக்கு ஆள் வரம்பு கிடையாது. இதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

1956இல்தான் சட்டம் வந்தது. காசு வாங்கி ஆறு பேருக்கு மேல் ஏற்றும் படகுகள் அமெரிக்கக் கடலோரக் காவல்படையான கோஸ்ட் கார்டின் சோதனைக்குள் வந்தன. நல்ல மீன் மாட்டினால் எல்லோரும் ஒரே பக்கம் ஓடுவார்கள் அல்லவா? அதனால் பாரத்தை ஒரு பக்கம் வைத்து, படகு எவ்வளவு சாய்கிறது என்று பார்க்கிறார்கள். கடலில் ஓடும் படகை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கரையேற்றி அடிப்பாகத்தைக் காட்ட வேண்டும். மரப்படகுக்கு இது உயிர்நாடி. பலகை இடுக்கில் அடைத்த பஞ்சு தளர்வதும், உள்ளே ஆணி துருவேறி மெலிவதும் மிதக்கும்போது கண்ணில் படாது. அப்புறம் மழைத்தண்ணீர். உப்புத்தண்ணீரை விட அதுதான் மரத்தைச் சீக்கிரம் உளுக்க வைக்கும்.

ஒரு படகில் எத்தனை பேரை ஏற்றலாம் என்று பார்க்க வைத்திருந்த, ஒரு பயணியின் சராசரி எடைக் கணக்கை 2011இல் 160 பவுண்டில் இருந்து 185 ஆக்கினார்கள். ஆட்கள் பருத்துவிட்டார்கள், கணக்கும் மாறத்தானே வேண்டும்? இதனால் ஏற்றும் ஆட்கள் குறைந்த படகுகளுக்கு வருமானமும் குறையும். அந்தக் கஷ்டம் நிஜம். ஆனாலும் நான் அந்த விதியின் பக்கம்தான்.

ஆகவே பழைய படகின் வரலாறு எழுதுகிறவர்களிடம் கேட்கிறேன்: எந்த வருடம் எந்தப் பலகையை மாற்றினார்கள், கோஸ்ட் கார்டு சான்றிதழில் எத்தனை பேரை ஏற்றலாம் என்று இருந்தது, அது எப்போது, ஏன் குறைந்தது என்பதையும் எழுதுங்கள்.